கணையப் புற்று: உடம்பு கரைவதை யார் கணக்கு வைப்பது?

புற்றுநோய் ஓ.பி.யில் குடும்பத்தார் கடைசியாகக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் மருந்தைப் பற்றியதாக இருக்காது. பேச்செல்லாம் முடிந்து, ஸ்கேன் ஃபிலிமை உறைக்குள் தள்ளி, கதவுவரை போன பிறகு மனைவியோ மகளோ திரும்பிக் கேட்பார்கள்: “சாப்பாடு என்ன குடுக்கலாம் டாக்டர்?” வெளியே வராந்தா நிறைய ஆள் காத்திருக்கும். பதில் சட்டென்று வரும்: “எல்லாம் குடுக்கலாம்மா. நல்லா சாப்பிடச் சொல்லுங்க.”

பல நோய்களுக்கு இந்தப் பதில் ஒப்பேறிவிடும். கணையப் புற்றுநோய்க்கு ஒப்பேறாது. நல்லா சாப்பிட முடியாமல் போவதும், சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் போவதும்தான் அந்த நோயின் இயல்பே. நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே பத்துப் பேரில் எட்டுப் பேர் எடை இழந்திருக்கிறார்கள். கீமோ தாங்குமா, ஆபரேஷன் செய்யலாமா, வீட்டில் எழுந்து நடமாட முடியுமா என்பதெல்லாம் அந்த இழப்பு எவ்வளவு, அதில் சதை எவ்வளவு என்பதைப் பெரிதும் பொறுத்தது. ஆனால் கட்டியின் அளவை மில்லிமீட்டர் சுத்தமாகக் குறிக்கும் நம் ஃபைல்கள் பலவற்றில், நோயாளியின் எடை முதல் நாள் எழுதிய எண்ணோடு நின்றுவிடுகிறது.

நோயின் கடுமையை முதலிலேயே சொல்லிவிடலாம். 2022இல் உலகெங்கும் சுமார் 5 லட்சத்து 10 ஆயிரம் பேருக்குக் கணையப் புற்றுநோய் வந்தது. அதே ஆண்டில் அதனால் இறந்தவர்கள் சுமார் 4 லட்சத்து 67 ஆயிரம் பேர். இரண்டு எண்களும் இவ்வளவு நெருங்கி நிற்கும் புற்றுநோய்கள் குறைவு. அமெரிக்காவிலேயே ஐந்து ஆண்டைத் தாண்டுகிறவர்கள் நூற்றுக்கு 13 பேர்தான். மேலை நாடுகளைவிட இந்தியாவில் இந்நோய் அரிது. ஆனால் முற்றிய பிறகு வந்து சேர்வது இங்கும் அங்கும் ஒன்றுதான். கட்டியை வெட்டி எடுக்கக்கூடிய கட்டத்தில் வருகிறவர்கள் நூற்றுக்கு 15 முதல் 20 பேர். மற்றவர்களுக்குப் பிரதான வழி கீமோ. அதைத் தாங்க உடம்பு வேண்டும்.

செரிக்காத சோறு

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்குக் குறுக்கே கிடக்கும் சுமார் 15 சென்டிமீட்டர் நீள உறுப்பு. நூறு கிராம் தேறினால் அதிகம். இன்சுலின் அங்கிருந்துதான் வருகிறது என்பது, சர்க்கரை நோயின் புண்ணியத்தில், நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த உறுப்பின் பெரும்பகுதி செய்வது வேறு வேலை. நாளுக்கு ஒன்றரை லிட்டர் வரை செரிமான நீரைச் சுரந்து முன்சிறுகுடலில் விடுகிறது. கொழுப்பை உடைக்கும் லைப்பேஸ், மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ், புரதத்தை உடைக்கும் டிரிப்சின் எல்லாம் அந்த நீரில்தான் வருகின்றன. மூன்றில் இரண்டு பங்குக் கட்டிகள் கணையத்தின் தலைப் பகுதியில் தோன்றுகின்றன. அங்கே கட்டி வளர்ந்தால் கணைய நாளம் அடைபடும், அந்தத் தலைப் பகுதி வழியாக ஓடும் பித்த நாளமும் அடைபடும். சாப்பிட்ட நெய்யும் மீனும் அரைகுறையாகச் செரித்து வெளியேறிவிடும்.

இதன் அடையாளம் கழிப்பறையில் தெரியும். மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு, நாற்றம் கூடி, தண்ணீரில் மிதக்கும். ஒரு முறை தண்ணீர் விட்டால் போகாது. இதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்கிறவர்கள் குறைவு, அவசரத்தில் டாக்டரும் கேட்பதில்லை. “எண்ணெய் ஒத்துக்கல” என்று வீட்டில் எண்ணெயை நிறுத்திவிடுவார்கள். கண் மஞ்சளாகிவிட்டால் இன்னும் மோசம். காமாலை என்றாலே கீழாநெல்லி, உப்பில்லாப் பத்தியம், மோர்ச் சோறு என்று நம் கை தானாகப் போகிறது. வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்; பத்தியத்துக்கு நல்ல பெயர் கிடைத்தது அப்படித்தான். அறுபது வயதுக்காரருக்கு வலியே இல்லாமல் காமாலை வந்து, உடம்பெல்லாம் அரிக்கிறது என்றால் அது வேறு சமாச்சாரம். அவருக்கு உடனே வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும். பத்தியத்தில் கழியும் வாரங்களில் கட்டி வளர்கிறது, ஆளும் இளைக்கிறார்.

செரிக்காத சோற்றுக்கு மருந்து இருக்கிறது. கணைய நொதி கேப்சூல். பன்றியின் கணையத்திலிருந்து தயாராவது. சைவம் சாப்பிடுகிறவர்களிடமும் முஸ்லிம்களிடமும் இதைச் சொல்லாமல் எழுதிக் கொடுப்பது சரியில்லை. சொன்னால் பலரும் மருந்தென்று ஏற்றுக்கொள்வார்கள், முடிவு அவர்களுடையதாக இருக்க வேண்டும். ஆபரேஷன் செய்ய முடியாத கணையப் புற்றுநோயாளிகளுக்கு இந்தக் கேப்சூலை வழங்க வேண்டும் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018 வழிகாட்டுதலிலேயே சொல்லிவிட்டது. நம் ஊரில் மாதத்துக்குச் சில ஆயிரங்கள் ஆகும் என்பது உண்மையான தடை. ஆனால் காசு செலவழித்து வாங்கியும் பலன் கிடைக்காமல் போவதற்கு இன்னொரு காரணம் உண்டு: சாப்பிட்டு முடித்து, கை கழுவி, மற்ற மாத்திரைகளோடு சேர்த்து இதையும் விழுங்குவது. நொதி சோற்றோடு கலந்தால்தான் வேலை செய்யும். முதல் கவளத்தோடு ஒன்று, பெரிய சாப்பாடானால் நடுவில் இன்னொன்று. ஒரு டம்ளர் பாலுக்கும் வடைக்கும்கூட வேண்டும். சூடான காபியோடு விழுங்கக் கூடாது, மெல்லக் கூடாது. வழக்கமான தொடக்க அளவு முழுச் சாப்பாட்டுக்கு சுமார் 50,000 யூனிட், நொறுக்குத்தீனிக்கு 25,000. கேப்சூல் சரியாகப் போனால் எண்ணெயை வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. நெதர்லாந்தில் 1998இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் நோயாளிகள் 21 பேர்தான். எட்டு வாரத்தில், நொதி எடுத்தவர்களின் எடை சராசரியாக 1.2 சதவீதம் ஏறியது, வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 3.7 சதவீதம் இறங்கியது.

பட்டினி வேறு, இது வேறு

செரிமானம் மட்டும்தான் கோளாறு என்றால் கேப்சூலோடு விஷயம் முடிந்திருக்கும். முடிவதில்லை. கேக்கெக்சியா என்று மருத்துவர்கள் சொல்லும் உடல் மெலிவு பட்டினியிலிருந்து வேறுபட்டது. பட்டினி கிடக்கும் உடம்பு சிக்கனம் பிடிக்கும்: முதலில் கொழுப்பை எரித்து, சதையை முடிந்தவரை காப்பாற்றும், மறுபடி சோறு கிடைத்தால் தேறிவிடும். புற்றுநோயில் கொழுப்பும் சதையும் சேர்ந்தே போகின்றன. உடம்பு முழுக்க ஓயாத அழற்சி, தசைப் புரதத்தை உடைத்துக்கொண்டே இருக்கிறது. அதனால் எவ்வளவு ஊட்டினாலும் முழுதாகத் தேறுவதில்லை.

பசியும் அதே கதிதான். ஜி.டி.எஃப்.-15 என்றொரு புரதம் இருக்கிறது. உடம்பு நெருக்கடியில் இருக்கும்போது ரத்தத்தில் கூடும். மூளையின் பின்பகுதியில் இதற்கென்றே உள்ள ஏற்பியைப் போய்த் தொட்டு, சாப்பாட்டின் மேல் வெறுப்பையும் குமட்டலையும் கிளப்பிவிடும். அந்த ஏற்பி எதுவென்று 2017இல்தான் தெரிந்தது. கர்ப்பிணிகளின் மசக்கை வாந்திக்கும் இதே புரதத்துக்கும் தொடர்பு உண்டு என்பது 2023இல் உறுதியானது. மசக்கைக்காரியிடம் “ஏன் சாப்பிட மாட்டேங்கிற” என்று நாம் யாரும் சண்டை போடுவதில்லை. அப்பாவிடம் போடுகிறோம். “மனசு வச்சா சாப்பிடலாம், நீங்கதான் வீம்பு பண்றீங்க” என்று தட்டோடு நின்று கெஞ்சும் மகளுக்கும், வாசனை பட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் தகப்பனுக்கும் நடுவே நடப்பது வேதியியல் என்று முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அந்த வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

இவை போதாதென்று இரைப்பையின் வாயில் அடைபட்டு வாந்தி வரலாம். முதுகுவரை பாயும் வலி இருக்கும். கீமோவில் நாக்கு கசந்துபோகும். மனச்சோர்வு இந்த நோயில் மிக அதிகம். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வைத்தியம் உண்டு: ஸ்டென்ட், வலி மருந்து, வாந்தி மருந்து, மனநல ஆலோசனை. சாப்பாட்டு ஆலோசனை என்றால் டயட் சார்ட் கொடுப்பது என்று நினைத்தால் இவையெல்லாம் விட்டுப்போகும்.

கிலோவுக்கும் மாதத்துக்கும் நடுவே

மெலிவுதான் கொல்கிறதா, அல்லது கொல்லும் நோய் போகிற போக்கில் மெலியவும் வைக்கிறதா? பாஸ்டன் நோய்க்குறியியல் நிபுணர் ஷீல்ட்ஸ் வாரன் 1932இல் 500 புற்றுநோயாளிகளின் பிரேதப் பரிசோதனைகளை அலசி, 22 சதவீதம் பேரின் மரணத்துக்கு மெலிவையே காரணமாகக் குறித்தார். 1980இல் அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கீமோ நோயாளிகளை ஆராய்ந்தபோது, பல வகைப் புற்றுநோய்களில் எடை இழந்தவர்கள் சீக்கிரம் இறந்தது தெரிந்தது. கணையப் புற்றுநோயாளிகளில் எண்பது சதவீதத்துக்கு மேல் எடை இழந்திருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இழக்காதவர்கள்தான் அரிதாக இருந்தார்கள்.

எது மெலிவு என்பதற்கே 2011இல்தான் உலகளவில் ஓர் ஒப்புதல் வந்தது. எடின்பரோவின் அறுவை சிகிச்சை நிபுணர் கென்னத் ஃபியரன் முன்னின்று உருவாக்கிய வரையறை அது. ஆறு மாதத்தில் ஐந்து சதவீதத்துக்கு மேல் எடை குறைந்திருந்தால் கேக்கெக்சியா. ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவருக்கும் சதை குறைந்தவருக்கும் இரண்டு சதவீதத்தைத் தாண்டினாலே போதும். அறுபது கிலோ ஆள் ஐம்பத்தேழுக்குக் கீழே போனால் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார். நம் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. “கொஞ்சம் இளைச்சிருக்கார், அவ்வளவுதான்” என்போம். வயிற்றில் நீர் கோத்துவிட்டால் எடை மிஷினும் பொய் சொல்லும்.

தொந்தி உள்ளவர் விஷயத்தில் கண் இன்னும் ஏமாறும். கனடாவின் ஆல்பர்ட்டா ஆய்வாளர்கள், நோய்க்காக எப்படியும் எடுக்கும் சி.டி. ஸ்கேனிலேயே மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் தசையின் பரப்பை அளக்கலாம் என்று காட்டினார்கள். எடின்பரோ குழுவோடு சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், முற்றிய கணையப் புற்றுநோயாளிகளில் பருமனாகத் தெரிந்தும் உள்ளே சதை வற்றியிருந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த காலமே உயிரோடிருந்தார்கள். நம் நாட்டு உடல்வாகு இளமையிலிருந்தே சதை குறைவு, தொந்தி அதிகம் என்ற வார்ப்பு. இந்த அளவீடு நமக்குத்தான் கூடுதலாகத் தேவை.

சதைக்கும் ஆயுளுக்கும் நடுவில் இருக்கும் கண்ணிகளில் தெளிவாகத் தெரிவது கீமோ. பரவிய கணையப் புற்றுக்கு ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற பல மருந்துக் கூட்டு வலுவானது. 2011இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில் அது பழைய மருந்தின் 6.8 மாத இடைநிலை ஆயுளை 11.1 மாதமாக்கியது. ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் 76 வயதுக்குட்பட்ட, தன் வேலையைத் தானே செய்துகொண்டு நடமாடும் நோயாளிகள் மட்டும். படுக்கையில் விழுந்தவருக்கு அந்தக் கூட்டு கிடையாது. மேலும், கீமோ அளவு உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. சதை வற்றியவருக்கு அதே கணக்கில் போகும் மருந்து உடம்புக்கு மிஞ்சியதாகிவிடலாம். பக்கவிளைவு கூடும், அளவு குறையும், தவணை தள்ளிப்போகும். மாதங்கள் கைநழுவுவது இப்படித்தான்.

இந்தக் கதைக்கு ஒத்துவராத சேதியும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2018இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, நோய் கண்டறியும் நாளில் கொழுப்பும் தசையும் குறைந்திருப்பதற்கும் குறுகிய ஆயுளுக்கும் தொடர்பு தென்படவில்லை என்றது. அதே ஆய்வில் நொதி கொடுக்கப்பட்ட எலிகளின் மெலிவு குறைந்தது, ஆனால் அவை சீக்கிரம் செத்தன. எலி மனிதனாகாது, அதற்காக யாரும் கேப்சூலை நிறுத்த வேண்டாம். ஆனால் ‘எடையை ஏற்றினால் ஆயுள் ஏறும்’ என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இது சாட்சி. என் கணிப்பில், சிகிச்சை தொடங்கிய பிறகு எடை நிலைக்கிறதா, சரிகிறதா என்பதே முதல் நாள் எண்ணைவிட முக்கியம். அதற்கு ஒவ்வொரு தவணையிலும் எடை பார்க்க வேண்டும்.

சாதாரண ரத்தப் பரிசோதனையிலிருந்தும் முன்கணிப்பு எடுக்கிறார்கள். ஜப்பானின் ஒனோடெரா 1984இல் வகுத்த ஊட்டக் குறியீடு ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தையும் லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கையையும் கூட்டிப் பார்ப்பது. கிளாஸ்கோ மருத்துவர்களின் குறியீடு ஆல்புமினோடு, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யைச் சேர்க்கிறது. இரண்டும் கணையப் புற்றில் ஆயுளை ஓரளவு சரியாகவே கணிக்கின்றன. ஆனால் ஆல்புமின் குறைவது சாப்பாடு குறைந்ததால் மட்டுமில்லை. அழற்சி கூடினாலே கல்லீரல் அதன் உற்பத்தியைக் குறைத்துவிடும்.

சர்க்கரை வந்தும் இளைத்தால்

உடம்பு கரைவது நோய் தெரிவதற்கு வெகுநாள் முன்பே தொடங்கிவிடுகிறது. தசை உடையும்போது வெளிவரும் சில அமினோ அமிலங்கள், நோய் கண்டறியப்படுவதற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் முன்பே ரத்தத்தில் கூடியிருந்ததை 2014இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். சர்க்கரையும் அப்படியே. மேயோ கிளினிக்கில் சுரேஷ் சாரி குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக நீரிழிவு வந்த 2,122 பேரில் 18 பேருக்கு மூன்று ஆண்டுக்குள் கணையப் புற்று தெரியவந்தது. நூற்றுக்கு ஒருவருக்கும் சற்றுக் குறைவு. (இதே சாரி 1994இல் சென்னையின் நீரிழிவு மருத்துவர் வி.மோகனோடு சேர்ந்து, தென்னிந்தியாவில் காணப்படும் கணையக் கல் நோய் உள்ளவர்களுக்குப் புற்று வரும் அபாயம் மிக அதிகம் என்று எழுதியவர்.) சாதாரண சர்க்கரை நோய் பெரும்பாலும் எடை கூடியவருக்கு வருகிறது. சர்க்கரை புதிதாக வந்து, கூடவே எடையும் இறங்கினால் டாக்டரின் புருவம் உயர வேண்டும். நம்மிடம் “சுகர் வந்தா இளைக்கத்தான் செய்வாங்க” என்ற சமாதானம் தயாராக இருக்கிறது.

புதுச்சேரியிலிருந்து ஒரு மாத்திரை

பசியைத் திருப்பிக் கொண்டுவரும் முயற்சிகளில் உலகம் கவனித்த ஒன்று நம் பக்கத்திலேயே நடந்தது. ஓலான்சபின் என்பது மனநல மருத்துவத்தில் நெடுங்காலமாகப் புழங்கும் மலிவான மாத்திரை. எடை கூடுகிறது என்பதே அதன் மீதான பெரிய புகார். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள் அந்தப் புகாரையே மருந்தாக்கிப் பார்த்தார்கள். கீமோ எடுக்கும் இரைப்பை, நுரையீரல், கல்லீரல்–கணையம்–பித்தப்பைப் புற்றுநோயாளிகள் 124 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தினம் 2.5 மில்லிகிராம், மற்றதற்கு வெற்று மாத்திரை, பன்னிரண்டு வாரம் கொடுத்தார்கள். எடை ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏறியவர்கள் ஓலான்சபின் பிரிவில் 60 சதவீதம், மற்றதில் 9 சதவீதம். பசி மேம்பட்டவர்கள் ஓலான்சபின் பிரிவில் 43 சதவீதம், மற்றதில் 13 சதவீதம். கீமோவின் கடும் பக்கவிளைவுகளும் குறைந்தன. 2023இல் முடிவு வெளியானதும், அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் தன் வழிகாட்டுதலையே புதுப்பித்து இந்த மாத்திரையைச் சேர்த்துக்கொண்டது. கணைய நோயாளிகள் அந்த ஆய்வில் சிறு பகுதிதான், ஆயுள் கூடியதா என்று அளப்பது அதன் நோக்கமும் இல்லை. தூக்கம் வரும், சர்க்கரை ஏறலாம் என்பதால் மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்குவது கூடாது. ஆனால் ஓ.பி.யில் “பசிக்கு அந்த மாத்திரை இவருக்கு ஒத்துவருமா” என்று கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு.

ஜப்பான் 2021இல் அனமோரெலின் என்ற பசி மருந்துக்கு அனுமதி கொடுத்தது, கணையப் புற்றையும் சேர்த்து. ஐரோப்பா அதை மறுத்தது. ஜி.டி.எஃப்.-15 புரதத்தையே பிடித்துக் கட்டிவிடும் பொன்செக்ரோமாப் என்ற ஊசி, 187 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் பன்னிரண்டு வாரத்தில் அதிக அளவு பெற்றவர்களுக்கு, வெற்று ஊசி பெற்றவர்களைவிட 2.8 கிலோ கூடுதல் எடை தந்தது. 2024இல் வெளியான முடிவு. சந்தைக்கு வந்தாலும் நம் விலைக்கு வருமா என்பது வேறு.

அடுப்படிக் கணக்கு

ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டுதல் புற்றுநோயாளிக்குக் கிலோ எடைக்கு 25 முதல் 30 கலோரி, ஒன்று முதல் ஒன்றரை கிராம் புரதம் என்கிறது. ஐம்பது கிலோ ஆளுக்கு 50 முதல் 75 கிராம் புரதம். நாம் கொடுப்பது என்ன? காலையில் இரண்டு இட்லி, நடுவில் இளநீர், மதியம் ரசம் சாதம், இரவு அரிசிக் கஞ்சி. பாசத்தோடு ஊட்டப்படும் இந்தப் பட்டியல் முழுவதிலும் புரதம் இருபது கிராம் தேறாது. நோயாளிக்கு லேசான சாப்பாடு என்ற நம் பழக்கம் காய்ச்சலுக்குச் சரி, மூன்று நாளில் முடிந்துவிடும். மாதக்கணக்கில் நீடிக்கும் நோய்க்கு அது பட்டினியின் மறுபெயர்.

ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு டம்ளர் பாலில் ஆறேழு, நூறு கிராம் மீனில் இருபது, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் ஏழெட்டு. கஞ்சியைப் பாலில் காய்ச்சிச் சத்துமாவு கலக்கலாம், இட்லிக்கு நல்லெண்ணெய் தாராளமாக விடலாம், ரசம் சாதத்தின் இடத்தில் நெய்விட்ட பருப்புச் சாதம் வைக்கலாம். மூன்று வேளைப் பெரிய தட்டு அவரை மிரட்டும். ஆறு வேளைச் சின்னக் கிண்ணம் உள்ளே போகும். சர்க்கரை இருந்தால் சாப்பாட்டை வெட்டுவதைவிட இன்சுலினைச் சரிசெய்வது நல்லது. ‘சர்க்கரையை நிறுத்தினால் புற்று செத்துவிடும்’ என்ற வாட்ஸ்அப் வைத்தியத்தை நம்பினால் முதலில் கரைவது நோயாளியின் சதைதான். சதை நிற்க அதற்கு வேலையும் வேண்டும்: தெருமுனைவரை நடை, நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருதல். இவ்வளவும் செய்தாலும் அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம். சாப்பாடு, உடற்பயிற்சி, அழற்சி மருந்து மூன்றையும் சேர்த்து நுரையீரல், கணையப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பன்னாட்டு ஆய்வின் முடிவு 2024இல் வந்தது. எடை நிலைத்தது, தசை அளவில் வித்தியாசமில்லை.

பிறகு ஒரு கட்டம் வருகிறது. கீமோ நின்று, ஆயுள் வாரக் கணக்கானபின் எந்த ஊட்டமும் சதையாவதில்லை. குழாய் வழியே திணிப்பது வாந்தியையும் வீக்கத்தையும்தான் கூட்டும். அந்தக் கட்டம் வந்ததை நேராகச் சொல்வது மருத்துவரின் வேலை. சொல்லப்படாத வீடுகளில்தான் “ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க” என்று கேட்கிறார்கள். ஐந்து சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, கலோரியில் நூறுகூட இல்லை, இரண்டு இட்லிக்கும் குறைவு. ரிப்போர்ட்டில் ஆல்புமின் குறைவென்று ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி வரச் சொல்லும் ஊசியும் ஊட்டத்துக்கு உதவாது. ஏறிய எண் சில நாளில் பழையபடி இறங்கிவிடும், பில் மட்டும் வீட்டில் நிற்கும். அந்தப் பணம் முதல் மாதத்தில் நொதி கேப்சூலுக்கும் முட்டைக்கும் போயிருக்க வேண்டியது.